ஒரு கிருமியும் சிக்கவில்லை

"சார், ஒண்ணுமே தெரியல" என்றாள் பொன்னி, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து.

"நல்லாப் பாரும்மா. சின்னதா நெளியும்."

"எதுவும் நெளியல சார். சுத்தமா இருக்குது."

அர்ஜுனன் லென்ஸைத் துடைத்துவிட்டுத் தானும் குனிந்து பார்த்தார். சுத்தமாக இருந்தால் எப்படி? அவருக்குப் பின்னால் மேடையில் பத்தடி நீளத்துக்குப் பேனர் தொங்கியது: 'மலைத் தண்ணீரில் மறைந்திருக்கும் எமன்!' அந்த ஆச்சரியக்குறி உட்பட எல்லாம் அவரே இரண்டு நாள் யோசித்து எழுதியது.

வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில், பழங்குடி மாணவர்களுக்கான சுகாதார அறிவியல் முகாம். பொறுப்பாளர் அர்ஜுனன். ஜவ்வாது மலையில் நெல்லிப்பாறை என்கிற ஊரிலிருந்து நாற்பது பிள்ளைகள் வந்திருந்தார்கள். 'உங்கள் ஊர் ஊற்றுத் தண்ணீர் கொஞ்சம் கொண்டுவரவும்' என்று சொல்லி அனுப்பியிருந்தார். தங்கமான பிள்ளைகள். ஆளுக்கு ஒரு இரண்டு லிட்டர் பாட்டில் சுமந்துகொண்டு வந்துவிட்டார்கள்.

பதினோரு மணிக்கு அதிகாரி சக்கரபாணி வருகிறார். பெரிய திரையில் கிருமியைப் பார்த்து அவர் பதற வேண்டும். பதறினால்தான் அடுத்த வருஷ முகாமுக்குக் கையெழுத்துப் போடுவார். கிருமியோ ஒன்றுகூட வரக் காணோம்.

"வேற பாட்டில் எடும்மா."

"எல்லாம் காலி சார். இது ஒண்ணுதான் மிச்சம்."

"நாப்பதுமா? அதுக்குள்ள குடிச்சுத் தீர்த்துட்டீங்களா?"

பொன்னி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கேட்க அவருக்கு ஏது நேரம்? இருந்த பாட்டிலை வெயிலில் அரை மணி நேரம் வைத்தார். தண்ணீர் சூடானது, அவ்வளவுதான். ஒரு சிட்டிகை மண்ணைப் போட்டுப் பார்த்தார்.

"சார், பாறை தெரியுது!" என்று பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நேரே சமையல்கட்டுக்கு ஓடினார்.

"சந்திரம்மா, பாத்திரம் கழுவின தண்ணி கொஞ்சம் குடுங்க. அழுக்கு ஜாஸ்தியா இருந்தா ரொம்ப நல்லது."

சமையல்காரம்மா சந்திரம்மாள் கரண்டியோடு திரும்பினாள். "இன்னா சார் சொல்றீங்க? என் கட்டுல அழுக்கா? இருவது வருஷமா சமைக்கிறேன். என் கையால சாப்பிட்டு ஒருத்தன் வயித்த வலின்னு படுத்ததில்ல!"

கரண்டி இருந்த உயரத்தைப் பார்த்ததும் அர்ஜுனன் பின்வாங்கினார். கடைசியில் மொட்டை மாடிக்கு ஏறினார். அங்கே மண்டபத்துத் தொட்டி இருந்தது. போன பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் தங்கிவிட்டுப் போனதோடு சரி, அதை யாரும் கழுவவில்லை. மூடியைத் திறந்ததும் குப்பென்று அடித்த நாற்றத்தில் அவர் முகம் மலர்ந்தது.

ஒரு சொட்டு எடுத்துவந்து மைக்ராஸ்கோப்பின் கண்ணாடித் துண்டில் வைத்தார். திரையில் கார்த்திகை தீபத்தன்று பஸ் ஸ்டாண்டில் இருக்கும் கூட்டம்! உருண்டது, நெளிந்தது, ஒன்றை ஒன்று விழுங்கியது. கண்ணாடியில் ஒட்டியிருந்த 'நெல்லிப்பாறை ஊற்று' என்ற சீட்டை அவர் மாற்றவில்லை. பாவி மனுஷன், மாற்றியிருக்கலாம்.

சக்கரபாணி வியர்த்து வழிய வந்து சேர்ந்தார். வந்ததும் மோர் கேட்டார்.

"அடடா, மோர்னா இது மோர்! இன்னொரு டம்ளர் கொண்டாங்க."

அதையும் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"ஐயையோ! இதையா குடிக்குதுங்க புள்ளைங்க?"

"கொதிக்க வெச்சுக் குடிச்சா..." என்று ஆரம்பித்தார் அர்ஜுனன்.

"இதைக் கொதிக்க வெச்சா சூப்புதான்யா வரும்!" சக்கரபாணி போனை எடுத்தார். "ஹலோ, நெல்லிப்பாறை ஊத்து. இன்னைக்கே ஆள் அனுப்பி சிமெண்ட் போட்டு மூடிடுங்க."

"வேணாம் சார்!" பொன்னி எழுந்து நின்றாள். "எங்க ஊருக்கே அது ஒண்ணுதான் சார். அத மூடிட்டா எங்கம்மா தண்ணிக்கு மூணு கிலோமீட்டர் எறங்கி ஏறணும்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அர்ஜுனன் அவளைப் பார்த்தார். தன்னுடைய ஆச்சரியக்குறியையும் பார்த்தார். அவமானமாக இருந்தது. அடுத்த வருஷ முகாம் போனால் போகிறது.

"சார், போனை வைங்க. அது ஊத்துத் தண்ணி இல்ல. இந்த மண்டபத்துத் தொட்டித் தண்ணி. நான்தான் மாத்தி வெச்சேன். ஊத்துல ஒரு பூச்சியும் கிடைக்கல."

சக்கரபாணி திட்டத்தான் வாயைத் திறந்தார். பாதியில் நின்றுவிட்டார். திரையைப் பார்த்தார். காலி டம்ளரைப் பார்த்தார். கை தானாக வயிற்றுக்குப் போனது.

"யோவ்... அப்போ இந்த மோர்ல கலந்தது எந்தத் தண்ணி?"

அர்ஜுனன் இதை யோசிக்கவே இல்லை. "சார்... பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்குது சார்."

"உள்ள என்னமோ நெளியுதுய்யா!"

டம்ளர் எடுக்க வந்த சந்திரம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்த நாத்தத் தண்ணியில நான் துடைப்பங்கூட அலச மாட்டேன். காலையிலயே புள்ளைங்க பாட்டிலெல்லாம் வாங்கி அண்டாவுல ஊத்திக்கினேன். ரெண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சீங்களே சார், அது நீங்க சிமெண்ட் போடச் சொன்ன ஊத்து."