சோபாவை அனுப்பிவிட்டேன்

புகழும் செல்வமும் நிறைந்து, ஓய்வுக்கு மட்டும் நேரமில்லாமல் இருக்கிற தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தானும் தையல் மிஷினும் ஓடிக்கொண்டிருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் போன் செய்தேன். எடுத்தவர், "நிதானமா இருங்கம்மா, எதுக்கு அவசரம்" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார். அதனால்தான் கடிதம்.

நீ கேட்டபடி, அதாவது உன் மேனேஜர் கேட்டபடி, சோபாவை அனுப்பிவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை அந்த மனிதர் அளவு நாடாவோடு வந்தார். காலில் உங்கள் கம்பெனியின் 'சும்மா' செருப்பு, சட்டை முதுகில் 'சும்மா' என்று பெரிய எழுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. புதிதாகத் திறக்கப்போகிற ஓய்வு விடுதியின் முன்கூடத்தில், நீ படுத்துக் கிடந்த சோபாவைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைக்கப்போகிறார்களாம். "இதுலதான் சார் படுத்துக்கிட்டே, சும்மா இருக்கிற சுகத்தைப் பத்தின முதல் பாட்டை உருவாக்கினாராம்மா?" என்றார். "உருவாக்கினானான்னு தெரியாது. படுத்துக்கிட்டிருந்தான், அதுக்கு நான் சாட்சி" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். "அப்போ நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். தைத்துக்கொண்டிருந்தேன், வேறென்ன. நான் பள்ளிக்கூடச் சீருடை தைக்க, அந்தச் சத்தத்தில் நீ தூங்க, சத்தம் நின்றால் "என்னக்கா, ஏன் நிறுத்திட்ட" என்று நீ எழுந்துகொள்ள, உன்னைத் தூங்கவைப்பதற்காகவே துணி வைக்காமல் வெறும் மிஷினை எத்தனை நாள் மிதித்திருக்கிறேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. உன் முதல் பாட்டின் தாளம் எங்கிருந்து வந்தது என்று ஊரெல்லாம் ஆராய்கிறார்கள். என் கால்வலி எங்கிருந்து வந்தது என்று டாக்டர் ஆராய்கிறார். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவைதான்.

இன்னொன்றையும் நான் சொல்லவில்லை. போஸ்டரில் எல்லாம் நீ இடது பக்கம் ஒருக்களித்து முதுகைக் கோணிக்கொண்டு சாய்ந்திருக்கிறாயே, செருப்பிலும் தலையணையிலும் அந்தக் கோணல் உருவத்தைத்தானே முத்திரையாகப் போட்டிருக்கிறீர்கள், அது என்ன அலட்சியம், என்ன ஒயில் என்று எழுதாத பத்திரிகை இல்லை. அலட்சியமுமில்லை, ஒயிலுமில்லை, சோபாவின் நடுவில் அறுந்து துருத்திக்கொண்டிருந்த ஸ்பிரிங் கம்பி அது. கீழ்வீட்டுப் பல் டாக்டர் இடம் மாறியபோது ஒரே மாதிரி இரண்டு சோபாக்களை விட்டுப்போனார். நல்லதை மாடி வீட்டு அச்சகக்காரர் முந்திக்கொண்டார், கம்பி உள்ளது நமக்கு வந்தது. எழுந்து அதைச் சரிசெய்யச் சோம்பல்பட்டு, அதைச் சுற்றி வளைந்து படுக்க நீ பழகிக்கொண்டாய். அத்தான் கம்பியை நறுக்கக் குறடு எடுத்துக்கொண்டு வந்தபோதும், "விடுங்க அத்தான், எனக்கும் அதுக்கும் ஒத்துப்போச்சு" என்றாய். இன்றைக்கு எத்தனையோ பிள்ளைகள் கம்பியே இல்லாமல் கோணிக்கொண்டு படுத்துக் கிடக்கிறார்கள். அவர்களுடைய முதுகுக்கு யார் பொறுப்போ.

சோபாவைத் தருவதற்கு முன் உன்னை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று உன் ஆபீசுக்கே வந்தேன். யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். வாசலில் 'மெதுவாக வாழுங்கள்' என்று பலகை. உள்ளே ஒருவர்கூட நடக்கவில்லை, எல்லாரும் ஓடுகிறார்கள். வரவேற்பில் இருந்த பெண், "இப்போ சாரைப் பாக்க முடியாதும்மா. மூணுலேர்ந்து மூணு இருபது வரைக்கும் சோம்பல் ஷூட்டிங், மூணு இருபத்தஞ்சுக்கு மீட்டிங்" என்றாள். "நான் அவனோட அக்கா" என்றேன். "இந்த வாரத்துல நீங்க நாலாவது அக்காம்மா" என்று மரியாதையாகவே சொன்னாள். கண்ணாடிக் கதவு வழியாக உன்னைப் பார்த்தேன். மெத்தையில் சாய்ந்திருந்தாய். ஒப்பனைக்காரர் உன் கண்ணுக்குக் கீழே இருந்த நிஜமான தூக்கக் கலக்கத்தைப் பூசி மறைத்துவிட்டு, அதன்மேல் பொய்யாக ஒன்றை வரைந்துகொண்டிருந்தார். கண்ணை மூடச் சொன்னார்கள், மூடினாய். கால் கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டதடா. தூங்கும்போது உன் கால் ஆடாது, எனக்குத் தெரியாதா. கதவைத் தட்டியிருக்கலாம். தட்டினால் எழுந்துவிடுவாயே என்று பழக்கதோஷத்தில் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நாலு பேர் வந்து சோபாவைத் தூக்கிப்போனார்கள். வருகிறவர்களுக்குக் குத்தக்கூடாது என்று அத்தான் அதற்கு முன்பே கம்பியைப் பிடுங்கிவிட்டார். கூடம் இப்போது விசாலமாக இருக்கிறது, அத்தான் கையை வீசிக்கொண்டு நடக்கிறார். நீ வரவில்லையே என்று இங்கே யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நீ வரவும் வேண்டாம், வந்தால் படுக்க இடமில்லை. திறப்பு விழாவில் கூண்டை மூடுவதற்கு முன் நீ அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்ளப்போவதாக மேனேஜர் சொன்னார். நல்லபடியாக நடக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. தொழில் பெருகுகிற வேகத்தில் பாதியாவது உன் தூக்கமும் பெருக வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். அத்தான் உன்னை விசாரித்தார். இதோடு ஒரு சின்னத் தலையணை அனுப்பியிருக்கிறேன். உங்கள் கம்பெனித் தலையணை அளவுக்கு வராது, நான் தைத்தது.

இப்படிக்கு,
அந்த வாரத்தின் நாலாவது அக்கா

பின்குறிப்பு: இந்தத் துண்டுத்தாளை மட்டும் தலையணைக்குள் வைத்துத் தைத்திருக்கிறேன். தலை வைத்தால் சரசரக்கும். நீ இதைப் படிக்கிறாய் என்றால் எங்கேயோ கொஞ்சம் படுத்திருக்கிறாய், அதுவே எனக்குப் போதும். கடிதத்தை உன் கையில் தருவதற்குள் நாலு பேர் படிப்பார்கள், அதனால் அதில் பொய் எழுதினேன். போனது நம் சோபா இல்லை, மாடி வீட்டு அச்சகக்காரரிடம் கேட்டு வாங்கிய அந்த இன்னொன்று. நம் பழைய உறையைக் கழற்றி அதற்கு மாட்டி அனுப்பினேன். தூக்க வந்த அன்றைக்கு மேனேஜர் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அந்தக் காலத்துச் சுகமே தனி என்றார். நம்முடையது மிஷின் பக்கத்திலேயே கிடக்கிறது, அத்தான் தினமும் முட்டியை இடித்துக்கொள்கிறார். கம்பியையும் யாரும் பிடுங்கவில்லை. விழாவில் அங்கே சாயும்போது, இல்லாத கம்பிக்கு ஒதுங்கி நீ ஒருக்களிப்பாய் என்று எனக்குத் தெரியும். கம்பி இங்கே இருக்கிறதடா. ஏதாவது ஒரு மத்தியானம் வா. எதுவும் பேசவேண்டாம், வந்து படு. தைக்கத் துணி இல்லாவிட்டாலும் மிஷினை மிதிக்கிறேன்.