கையைக் காட்டு சார்

எங்கள் 'கையைக் காட்டு' சாரைப் போல ஒரு நூலகர் உலகத்திலேயே கிடையாது. சேலை மூட்டையோடு உலகம் சுற்றிய நான் சொல்கிறேன். மூணாங்கிளாஸோடு நின்றவன், இன்று பன்னிரண்டு தறிக்கு முதலாளி. ஆளைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

எங்கள் காலனிக்கு ஆரணியில் பெயரே தீவு. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஏரிக் கால்வாய். அதற்குள் ஓட்டுக் கட்டடத்தில் நூலகம். வாசலில் குழாய், சோப்பு. கையைக் காட்டச் சொல்வார்; சாயமோ எண்ணெயோ இருந்தால் புத்தகம் கிடையாது. உள்ளே சத்தம் கேட்டால் வெளியே. இருமியதற்காக என் சம்பந்தியையே அனுப்பிவிட்டார். கேட்டால், "ரெண்டு தடவ இருமினாருங்க" என்று சார் கணக்குச் சொன்னார்.

ஒருநாள் மேலதிகாரி சோதனைக்கு வந்தார். புத்தகமெல்லாம் கசங்காமல் கறைபடாமல் புதுசு. வருகைப் பதிவேட்டில் மாதம் முழுக்க வெறுமை, ஒரே நாளில் பக்கம் பக்கமாகக் கையெழுத்து. யாரும் படிப்பதில்லை, நீரே போட்டுக்கொள்கிறீர் என்றார். தறிக்கு அமாவாசைதான் லீவு, அன்றைக்குத்தான் எல்லோரும் வருவார்கள் என்று சார் சொன்னார். அப்படியானால் அடுத்த அமாவாசைக்கு வருகிறேன், பொய்யென்றால் நூலகத்தை மூடிவிடுவேன் என்றார் அதிகாரி.

சொன்னபடி வந்தார். குழாயடியில் தீவே வரிசையில் நின்றது. பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி தின்றுவிட்டு வந்த அதிகாரியையும் சார் கை கழுவ வைத்தார். கடுகடுத்த முகத்தோடு உள்ளே வந்தவர், தடிப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த என்னைப் பிடித்தார்.

"படிக்கிறது நெஜம்னா, ஒரு பக்கம் படிச்சுக் காட்டுங்க."

என் உயிர் போயிற்று. அந்தத் தடிப் புத்தகத்துக்குள் சிறுவர் கதைப் புத்தகம் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க நான் அங்கேதான் கற்றுக்கொண்டிருந்தேன். ஒளித்துக் கொடுத்தவர் சார். வேறு யாருக்கும் தெரியாது. சுற்றிலும் என் தறிக்காரர்கள்.

"இங்க வாய்விட்டுப் படிக்கக் கூடாதுங்க" என்றார் சார்.

"அப்ப மூடிடலாமா?"

சார் தலை குனிந்தார். நான் உள்ளிருந்த நரிக் கதையை வெளியே எடுத்தேன். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, நாலு வரி படித்தேன். ஒரு சேலையே நெய்துவிடலாம், அவ்வளவு நேரம். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதிகாரி பதிவேட்டில் தானும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் சார் என்னிடம் வந்தார். "சத்தம் போட்டீங்க. அடுத்த அமாவாச வரைக்கும் உள்ள வரக் கூடாதுங்க."

மறுநாள் சாயப்பட்டறையில் நூல் முக்கிக்கொண்டிருந்தேன். முழங்கை வரை சிவப்பு. சார் வந்து நின்றார்.

"கையக் காட்டுங்க."

காட்டினேன். அந்தக் கையிலேயே நரிக் கதையை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

போன வருஷம் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். நூலகம் இருக்கிறது. அங்கே கறை பட்ட புத்தகம் இன்றைக்கும் அது ஒன்றுதான்.