அப்பாவுக்குக் கிடைத்த என் ஷீல்டு

சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். மாரி அண்ணன் கடைக்குப் போய் ஒரு பார்சலை எடுத்து வர வேண்டும்.

கெமாஸ் பக்கம் உள்ள எங்கள் தோட்டக் குடியிருப்புக்குள் கூரியர்காரர்கள் வருவதில்லை. முன்வாசலில் இருக்கும் மாரி அண்ணன் கடையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வாரம் முழுக்க சுங்கை காடுட்டில் உள்ள தொழிற்சாலையில் வேலை என்பதால், எனக்கு வந்ததைச் சனிக்கிழமைதான் எடுக்க முடியும்.

பார்சலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் இன்டர்நெட் கம்பெனி ஒரு இணையப் பக்கம் வைத்திருக்கிறது. லைன் வரவில்லை, மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று வாடிக்கையாளர்கள் அங்கே புலம்புவார்கள். தெரிந்த வாடிக்கையாளர்கள் பதில் சொல்வார்கள். சம்பளம் கிடையாது. இரண்டு வருடமாக நானும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேரில் நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. தட்டச்சு செய்தால் நிறுத்த முடியாது.

அதற்காகக் கம்பெனி ஷீல்டு அனுப்பியிருந்தது.

ஒரே ஒரு சிக்கல். அந்தப் பக்கத்தில் பதியும்போது லைன் யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயரைக் கேட்டார்கள். லைன் அப்பா பெயரில். அதனால் அங்கே நான் பெருமாள். "அங்கிள், உங்க அனுபவமே தனி லா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு வயது இருபத்து நாலு.

கடைக்குப் போனேன். 'வல்லுநர் பெருமாள்' என்று பொறித்த ஷீல்டு கண்ணாடிப் பெட்டி மேல், பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில் நின்றது.

"பார்சல் கிழிஞ்சிருந்துச்சும்மா, அதான் பார்த்தேன்" என்றார் மாரி அண்ணன். "உங்கப்பா லோரி ஓட்டுறாருன்னுதானே நெனச்சோம். பெரிய எக்ஸ்பர்ட்டாமே?"

கடையில் இருந்த நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஆமாண்ணே" என்று வந்தது.

வீட்டில் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். போய்ச் சொல்லிவிடச் சொன்னார். எல்லாரும் என்னையே பார்ப்பார்களே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள் என்றார்.

சாயங்காலமே கோயில் தலைவர் வந்துவிட்டார். நம் தோட்டத்து ஆள் ஒருவருக்குப் பெருமை கிடைத்தால் கோயில் நிர்வாகம் சும்மா இருக்க முடியாதாம். ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும் மண்டபத்தில் பொன்னாடை, இரண்டு வார்த்தை பேச்சு.

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

தலைவர் போனதும் அப்பா மெதுவாகச் சொன்னார்: "ஏம்மா, பொன்னாடையப் போட்டுக்கிட்ட பெறவு இது தெரிஞ்சா லோரி ஷெட்ல என்னைய உயிரோட விடமாட்டானுங்க. மக ஷீல்ட ஆட்டையப் போட்டவன்னு ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஓட்டுவானுங்க."

பேசினால் எனக்கு ஆபத்து. பேசாவிட்டால் அவருக்கு. நான் வழக்கம் போல் பேசவில்லை.

ஞாயிறு. மண்டபம் நிறைய ஆட்கள். நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பொன்னாடை போட்டார்கள். அப்பா மைக்கைப் பிடித்து, எல்லாருக்கும் நன்றி என்று முடித்துவிட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் தலைவர் எழுந்தார். மண்டபத்து இன்டர்நெட் மூன்று நாளாக வேலை செய்யவில்லை, பூஜையை நேரலையில் காட்ட முடியவில்லை. வல்லுநரே வந்திருக்கும்போது ஒரு பார்வை பார்த்துவிடலாமே என்றார்.

மோடம் மேடையிலேயே, சாமி படத்துக்குக் கீழே இருந்தது. அப்பா அதைப் புது லோரியைச் சுற்றுவது போல ஒரு சுற்று சுற்றி வந்தார். முன்வரிசையில் லோரி ஷெட் ஆட்கள் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

நான் வாட்ஸ்அப்பில் தட்டினேன். அப்பா போனை எடுத்து, கையை முழுக்க நீட்டிப் பிடித்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டு வந்திருந்தார். அப்பாவுக்கு எதையும் சத்தமாக வாசித்தால்தான் மண்டையில் ஏறும். இன்னொரு கையில் மைக் இருந்தது.

"பின்னால உள்ள மஞ்சள் வயரைக் கழட்டவும்."

மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கழட்டினார்.

"முப்பது வரைக்கும் எண்ணிட்டு மாட்டவும்."

மண்டபமே சேர்ந்து எண்ணியது. மாட்டினார். பச்சை விளக்கு வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். லோரி ஷெட் ஆட்கள்கூட.

சந்தோஷத்தில் நான் இன்னும் ஒன்று அனுப்பினேன். அதையும் அப்பா கணீரென்று வாசித்தார்:

"சூப்பர்ப்பா, நான்தான் அனுப்புறேன்னு யாருக்கும் தெரிய வேணாம், போனை உள்ள வைங்க."

மண்டபத்தில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் தூணுக்குத் திரும்பின.

அப்பா இறங்கி வந்தார். தோளில் இருந்த பொன்னாடையை எடுத்து என் மேல் போட்டார். மைக்கை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"எம்மவ பேசாது, டைப் பண்ணும்" என்று அவரே மைக்கில் அறிவித்தார். "கேக்குறவங்க மெசேஜ் போடுங்க."

திங்கட்கிழமைக்குள் நாற்பத்தொரு மெசேஜ். அதில் ஒன்பது, அப்பாவின் லோரி ஷெட்டிலிருந்து. அந்த ஒன்பதிலும் கேள்வி ஒன்றுதான்: வல்லுநர் பெருமாள் எப்படி இருக்கிறார்?

இப்போது எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: ரகசியமாக மெசேஜ் அனுப்புவதற்கு முன்னால், வாங்குகிறவர் கையில் மைக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.