வெயில் பாயும் மொட்டை மாடிக் குழாய்களும்

கடலூர் தொடங்கி சிதம்பரம் வரைக்கும் தண்ணீர்க் குழாய் மாட்டிய மனிதர்களில், வாழ்நாளில் ஒரு தப்புகூடச் செய்யாதவர் வெயில் பாய் ஒருவர்தான். நான் சொல்லவில்லை, அவரே சொன்னது. குழாய் ஒழுகினால் சுவர் மேல் தப்பு. தண்ணீர் வராவிட்டால் கிணற்றின் மேல் தப்பு. கிணறு நிறைந்திருந்து, மோட்டாரும் ஓடி, சுவரும் ஒழுங்காக நின்று, அப்படியும் தண்ணீர் வரவில்லையென்றால் வீட்டுக்காரருக்குக் குழாய் திறக்கத் தெரியவில்லை என்று அர்த்தம்.

சொந்த ஊர் லால்பேட்டை, குடியிருப்பு கடலூர் முதுநகர். நிஜப் பெயரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எந்தக் குழாயாக இருந்தாலும் மொட்டை மாடியில் செங்கல் மேல் கிடத்தி, கத்திரி வெயில் முழுக்கக் காயப்போட்ட பிறகுதான் வீட்டில் மாட்டுவார். அதனால் அந்தப் பெயர். நல்ல உயரம், கட்டம் போட்ட லுங்கி, கக்கத்தில் ஒரு கறுப்புக் குடை. அந்தக் குடையை அவர் தன் தலைக்கு மேல் விரித்து நான் பார்த்ததே இல்லை. குழாயை மாட்டி மரை முடுக்கும்போது அதற்கு நிழலாக விரித்து வைப்பார். ஏன் பாய் என்று கேட்டால், "பரீச்சை முடிஞ்சிடுச்சில்ல தம்பி, இனிமே அது எதுக்கு வெயில்ல கஷ்டப்படணும்?" என்பார்.

அறுபதுகளில் நான் சிதம்பரத்தில் என் மாமாவின் லாட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா என் அம்மாவின் அண்ணன். லாட்ஜுக்கு ஒட்டினாற்போல அவர் வீடு, அந்த வீட்டில் அவர் மகள் செல்வி. எனக்கு முறைப்பெண். சின்ன வயதிலிருந்தே எனக்குத்தான் என்று பேச்சு. ஆனால் மாமா பேச்சுக்கெல்லாம் கட்டுப்படுகிற ஆள் இல்லை.

லாட்ஜில் அப்போது இருந்தவை பழங்காலத்து இரும்புக் குழாய்கள். உள்ளே துரு ஏறி அடைத்து, தண்ணீர் டிகாஷன் நிறத்தில் சொட்டும். மாயவரத்திலிருந்து வந்த ஒருவர் அதை டம்ளரில் பிடித்துவிட்டு, பால் எங்கே என்று கேட்டார். மாமாவுக்கு மானம் போய்விட்டது. அன்று மாலையே என்னைக் கூப்பிட்டார்.

"இத பாருடா சாமிநாதா. ஆனித் திருமஞ்சனத்துக்கு லாட்ஜு ரொம்பிடும். அன்னிக்கு எல்லா ரூம்லயும் தண்ணி வரணும். வந்துச்சுன்னா ஆவணில ஒனக்கும் செல்விக்கும் கல்யாணம். வரலன்னா நெய்வேலி பையன் ஒருத்தன் கேட்டுக்கினு இருக்கான். அவுங்களுக்கு வாக்கு குடுத்துடுவேன். ஒரு கொழாய பாத்துக்க தெரியாதவன் பொண்ண எப்படிரா பாத்துக்குவான்?"

அதோடு இன்னொரு உத்தரவும் போட்டார். கல்யாணம் முடிவாகிற வரை செல்வி லாட்ஜ் மாடிப் பக்கம் தலை காட்டக்கூடாது. காட்டினால் நேராக நெய்வேலிதான். இரண்டு மாடிக்கும் நடுவில் இருந்தது இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான்.

நான் முதுநகருக்கு ரயிலேறிப் போய் வெயில் பாயை அழைத்து வந்தேன். வந்தவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக மாடிக்கு ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, உச்சி வெயிலில் தளத்தில் நின்றார். நான் ஒரு காலை மாற்றி ஒரு காலில் ஆடிக்கொண்டிருந்தேன். அவர் அசையவில்லை.

"டாங்கிலேர்ந்து கொழாய் இதுமேலதான் ஓடணும். இந்தச் சூட்ட தாங்கணும். எது தாங்கும்னு நீயும் சொல்லாத, நானும் சொல்லல. வெயிலு சொல்லட்டும்" என்றார்.

மாமாவுக்கு ஈயக் குழாய் போட ஆசை. ஈயச் சொம்பில் ரசம் வைத்தால் தெருவே மணக்கிறதே, ஈயக் குழாயில் தண்ணீர் வந்தால் குளிக்கிறவன் மணக்கமாட்டானா என்பது அவர் வாதம். பாய் தலையில் அடித்துக்கொண்டார். "மொதலாளி, ரசம் வெக்கிறது வெள்ளீயம். இது காரீயம். ஒடம்புக்கு ஆவாது" என்றார். மாமா நம்பவில்லை. ஒரு துண்டை வாங்கிவந்து செங்கல் மேல் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் அது நடுவில் தொங்கிப்போய்விட்டது. மாமா ரசத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்தது செம்பு. பளபளவென்று மாடியே ஜொலித்தது. மறுநாள் காலையில் காணவில்லை. பாய் கொஞ்சமும் கலங்கவில்லை. "நல்ல சாமான்தான். ஆனா ஊருக்கு அத ஜாஸ்தி புடிச்சிருக்கு. வேணாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பிறகு மதராஸிலிருந்து டை கட்டிய ஒரு இளைஞர் புதிதாக வந்திருந்த பிளாஸ்டிக் குழாயோடு வந்தார். துருப்பிடிக்காது, உப்பு அண்டாது, இனி உலகமே பிளாஸ்டிக்தான் என்று சிதம்பரத்து வெயிலில் டையைத் தளர்த்தாமல் பேசினார். பாய் பணிவாகக் கேட்டுக்கொண்டு குழாயை வாங்கிச் செங்கல் மேல் கிடத்தினார். இளைஞர் கீழே சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் குழாய் வளைந்து தொட்டில் மாதிரி ஆகிவிட்டது. அவர் முகம் அதைவிடத் தொங்கியது.

பாய் அவர் தோளில் தட்டினார். "ஏன் தம்பி மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு இருக்க? வேணாம்னு யாரு சொன்னா? கெணத்துலேர்ந்து டாங்கிக்கு வர்ற கொழாய் மண்ணுக்குள்ளதான் போவுது. அங்க வெயிலு இல்ல. ஆனா உப்பு மண்ணு, இரும்ப தின்னுடும். அங்க உன்னுத போட்டுக்குறேன். மாடிக்கு துத்தநாகம் பூசின இரும்பு, மேல வெள்ள பெயிண்ட்டு." ஆக, மண்ணுக்குள் பிளாஸ்டிக், மாடியில் இரும்பு என்று முடிவாயிற்று. டைக்காரர் பாய்க்குக் கைகொடுத்துவிட்டு ரயிலேறினார்.

சரி, முடிவுதான் ஆகிவிட்டதே, மாட்ட வேண்டியதுதானே? மாட்டமாட்டார். இரும்புக் குழாய்களும் கத்திரி முடிகிற வரை காயவேண்டுமாம். வாயில் குளவி கூடு கட்டாமல் இருக்கத் துணியைச் சுருட்டி அடைத்து வரிசையாகக் கிடத்தினார். எனக்கு ஒரு வேலையும் கொடுத்தார். தினம் உச்சி வேளையில் மாடிக்குப் போய் ஒவ்வொரு குழாயையும் கையால் தொட்டுப் பார்த்து, அவர் வரும்போது சூடு எப்படி என்று சொல்லவேண்டும்.

"சூடாத்தான் இருக்கு பாய். வெயில்ல கெடந்தா வேற எப்படி இருக்கும்?"

"தொட்டியா?"

"தொட்டேன்."

"கைய காட்டு."

கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கொப்புளம் இருந்தால் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இந்த ஆளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றே நினைத்தேன்.

ஆனாலும் நான் ஒரு நாளும் தவறாமல் மாடிக்குப் போனேன். காரணம் குழாய் இல்லை. இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் செல்வி ஜவ்வரிசி வத்தல் போடுவாள். எனக்கு மோர் கொண்டுவந்து கொடுப்பாள். சில நாள் சுவரைத் தாண்டியும் வந்துவிடுவாள். காக்கைத் தொல்லை பொறுக்கமுடியவில்லை அவளுக்கு. காய்ந்த வத்தலைத் தன் பழைய பச்சைத் தாவணியைக் கிழித்துச் சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டி, பாயின் குழாய்களுக்குள் குச்சியால் தள்ளி வைத்து, மறுபடி துணியை அடைத்துவிடுவாள்.

"காக்கா மூக்கு இதுக்குள்ள போவாது மச்சான். உள்ளயே இன்னும் நல்லாவும் காயும்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு மூளையுள்ள பெண்ணை நெய்வேலிக்கு அனுப்புவதாவது.

கத்திரி முடிந்தது. செல்வி மூட்டைகளை எடுத்துக்கொண்டாள். பாய் வேலையை ஆரம்பித்தார். ஒவ்வொரு குழாயையும் கன்னத்தில் வைத்துப் பார்த்து, பிஸ்மில்லா சொல்லி, குடை நிழலில் மாட்டினார். திருமஞ்சனத்துக்கு முதல் நாள் காலை, வேலை முடிந்தது. அறைகளில் ஆட்கள் துண்டும் கையுமாகக் காத்திருந்தார்கள். மாமா மாடிக்கே வந்துவிட்டார். மோட்டார் ஓடி டாங்க் நிறைந்தது. பாய் வால்வைத் திறந்தார்.

ஒரு சொட்டு வரவில்லை.

கீழேயிருந்து ஒருவர் சத்தம் போட்டார், இன்னொருவர் சேர்ந்துகொண்டார். மாமா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு நெய்வேலி தெரிந்தது. "டாங்கி மேல தப்பு" என்றார் பாய். டாங்க் சரியாக இருந்தது. "காத்து மேல தப்பு" என்றார். அதற்கும் மாமா அசையவில்லை. வேறு வழியில்லாமல் பாய் டாங்குக்குப் பக்கத்திலிருந்த பெரிய குழாயின் இணைப்பைக் கழற்றி உள்ளே கம்பியை விட்டார்.

முதலில் வந்தது கூழ். வெதுவெதுப்பான ஜவ்வரிசிக் கூழ். பின்னால், ஊறி உப்பிய ஒரு மூட்டை பாயின் உள்ளங்கையில் வந்து விழுந்தது. பச்சைத் தாவணித் துணி. செல்வி மூட்டைகளை எடுத்தபோது ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அந்தத் தாவணியைத் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்ததே மாமாதான். பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும், அப்புறம் நேராக நெய்வேலிதான். இடுப்பளவுச் சுவருக்குப் பின்னால் செல்வி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பாய் துணியைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரித்து வைத்திருந்த குடையைச் சுற்றி மாமா இந்தப் பக்கம் வருவதற்குள் மூட்டையைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிவிட்டார்.

"என்ன பாய் அது?"

"அடைப்புத் துணி மொதலாளி. குளவிக்கு வெச்சது. எடுக்க மறந்துட்டேன்." ஒரு மூச்சு விட்டார். "தப்பு என்னுதுதான்."

மாமா திகைத்துப்போனார். ஜில்லாவிலேயே யாரும் பாய் வாயிலிருந்து கேட்டிராத வார்த்தை அது. ஆனாலும் அவர் மூக்கு சும்மா இருக்கவில்லை. "சீரக வாசன வருதே பாய்."

"புதுக் கொழாய் அப்படித்தான் இருக்கும்" என்றார் பாய். சட்டையின் நுனியிலிருந்து கூழ் வழிந்து லுங்கியில் இறங்கிக்கொண்டிருந்தது.

இணைப்பை மறுபடி மாட்டி வால்வைத் திறந்ததும் லாட்ஜ் முழுக்கத் தண்ணீர் கொட்டியது. கீழே துண்டுக்காரர்கள் ஓடினார்கள். பாய் வழக்கம்போல முதல் டம்ளரைப் பிடித்துக் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு, "உப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி பாய், அன்னிக்கு ஒண்ணு கேட்டேனே. பையன் எப்படி?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேலை கொடுத்த அன்றே மாமா என்னைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பையும் பாயிடம் ஒப்படைத்திருக்கிறார்.

"கத்திரி முச்சூடும் வெயில்ல வெச்சி பாத்துட்டேன் மொதலாளி. கை கொப்பளிச்சப்பகூட வரமாட்டேன்னு சொல்லல. வளையல. குடுக்கலாம்" என்றார் பாய்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பாய் புதுச் சட்டையில் வந்து முதல் பந்தியில் சாப்பிட்டார். போகும்போது செல்வியிடம் ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் அந்தப் பச்சைத் துணி, துவைத்து மடித்திருந்தது. செல்வி அழுதுவிட்டாள். எனக்கும் அடக்கமுடியவில்லை.

அதற்குப் பிறகும் ரொம்ப வருஷம் பாய் குழாய் மாட்டினார். யார் வீட்டுக்குப் போனாலும் அதே பேச்சுதான், ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்ந்துகொண்டது. "நான் தப்பே பண்ணதில்ல. ஒரே ஒரு தரம், செதம்பரத்துல ஒரு லாட்ஜுல, அடைப்புத் துணிய எடுக்க மறந்துட்டேன்." மாமா காலமான பிறகாவது நிஜத்தைச் சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. செய்த தப்பையெல்லாம் சுவர் மேலும் கிணற்றின் மேலும் போட்ட அந்த மனுஷர், செய்யாத இந்த ஒன்றை மட்டும் கடைசிவரை தன் மேலேயே வைத்துக்கொண்டார்.