பாட்டுக்குப் போட்ட பூட்டு

நெடுஞ்செழியன் எந்த முடிவெடுத்தாலும் அதை மைக்கில்தான் அறிவிப்பார். தொழில் அப்படி. பட்டுக்கோட்டையில் செழியன் ஒலிபெருக்கி நிலையம் அவருடையது. காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவருடைய பெட்டிதான் அலறும். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லாமல் அவர் பல் விளக்கினதுகூட இல்லை என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

அன்று காலையும் கூடத்தில் மைக்கைப் பிடித்தார்.

"இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், நம்ம பாட்டை இனி ஒருத்தனும் காப்பி அடிக்க முடியாது. இந்த வீட்டுல இனிமே காப்பிங்கிற பேச்சே கிடையாது!"

சமையலறையிலிருந்து மனைவி கயல்விழி தலையை நீட்டினாள்.

"அப்ப டீ போட்டுடவா?"

நெடுஞ்செழியன் மைக்கை அணைத்தார். கலைஞனுக்கு இந்த வீட்டில் மரியாதை அவ்வளவுதான்.

அவர் சும்மா சபதம் எடுக்கவில்லை. அவரே பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பாடவும் செய்வார். போன வருஷம் தென்னந்தோப்பைப் பற்றி ஒரு பாட்டுப் பாடி விற்க நினைத்தார். விற்பதற்குள் அது ஊர் சுற்றப் போய்விட்டது. மீன்காரர் வண்டியில் பாடியது. ஷேர் ஆட்டோவில் பாடியது. ஒன்றிலும் அவர் பேர் இல்லை. ஒருநாள் ஒரு ஆள் அவர் கடைக்கே வந்து, "அண்ணே, இந்தத் தென்னந்தோப்புப் பாட்டை என் போன்ல ஏத்திக் குடுங்க. யாரு பாடினதுன்னு தெரியல, நல்லாத்தான் கத்தியிருக்கான்" என்றான். அன்றைக்கு நெடுஞ்செழியனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் புதுப் பாட்டுக்குப் பூட்டு. பூட்டு என்றால் திண்டுக்கல் பூட்டு இல்லை, கம்ப்யூட்டர் பூட்டு. எங்கோ வெளிநாட்டில் இருக்கிற ஒரு கம்பெனியிடம் வாங்கியிருந்தார். பாட்டை வாங்குகிறவருக்கு ஒரு ரகசிய எண் வரும். அதை அடித்தால்தான் பாட்டுத் திறக்கும். அதுவும் வாங்கின போனில் மட்டும்தான். அடுத்தவருக்கு அனுப்பினால் பாட்டு ஊமையாகிவிடும்.

"பூட்டாத ஒரிஜினல் இருக்குமே, அதை என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள் கயல்விழி.

"அழிச்சாச்சு! அது வெளிய கிடந்தா திருடு போயிடாது? இப்ப உலகத்துலயே பூட்டின பாட்டு ஒண்ணுதான் இருக்கு. நம்ம கம்ப்யூட்டர்ல."

"உங்க அறிவுக்குப் பூட்டே போட முடியாதுங்க."

அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

பாட்டு என்னவோ நல்ல பாட்டுதான். மேட்டூர் அணை திறந்து, கல்லணைக் கால்வாய் வழியாகத் தண்ணீர் கடைக்கோடி வயல்களான கடைமடைக்கு வந்து சேர்கிற நேரத்தில் ஒரு பெண் பாடுவது போல எழுதியிருந்தார்.

'கடைமடைக்கும் வந்திருச்சு காவிரித் தண்ணி – என்
கண்ணாளன் வரலையடி, காத்திருக்கேன் எண்ணி.'

"இதை நான் பாடறேங்க. இவ்வளவு பெரிய மீசையை வச்சுக்கிட்டு நீங்க கண்ணாளனுக்குக் காத்திருந்தா நல்லாவா இருக்கு?" என்று கயல்விழி அப்போதே கேட்டுப் பார்த்தாள்.

"கயலு, மைக்குன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு ஏத்த குரல்னு ஒண்ணு இருக்கு. உன் குரல் சமையக்கட்டுக்குப் போதும்."

கயல்விழி சமையலறைக்குத் திரும்பிப் போனாள். கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூட விழாக்களில் பாடியவள் அவள். நெடுஞ்செழியனுக்கு அது தெரியாது. கேட்டால்தானே தெரியும்!

பாட்டு வெளியானது. வாங்கியவர்கள் வரிசையில் முதல் ஆள் அடுத்த வீட்டு ஹமீதா பானு. கடைசி ஆளும் அவர்தான். தையல் கடை வைத்திருக்கிற ஹமீதா பானு, மிஷினில் உட்கார்ந்துகொண்டு கேட்கலாம் என்று ஆசையாக வாங்கினார். அந்த நேரம் பார்த்து அவர் கணவர் அப்துல் அஜீஸ் துபாயிலிருந்து புதுப் போன் அனுப்பிவிட்டார். மறுநாளே ஹமீதா பானு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, உங்க பாட்டு பழைய போன்ல பாடுது. புதுப் போன்ல மொறைக்குது!"

"பூட்டும்மா அது. போன் மாறினா பாடாது. புதுசா வாங்கணும்."

"போனைத்தானே மாத்துனேன். காதை மாத்தலையே!"

"சட்டம்னா சட்டம்தான்" என்றார் நெடுஞ்செழியன். பூட்டு வேலை செய்கிறது என்று தெரிந்ததில் அவருக்கு உள்ளூர ஏகப்பட்ட சந்தோஷம்.

கயல்விழி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"ஏங்க, ஒரு சந்தேகம். காப்பி பண்ணினாத்தானே தப்பு? வாயால பாடினா?"

"வாயால பாடறதுக்கு யாரு பூட்டுப் போட முடியும்?"

"அப்ப நான் ஹமீதாவுக்குப் பாடிக் காட்டலாமா?"

"தாராளமா!"

"அவங்க அதை வச்சுக்கலாமா?"

"தாராளமா வச்சுக்கட்டும். நாலு பேருக்கு வேணும்னாலும் குடுக்கட்டும். நீ பாடறதைக் கேட்டா, அய்யோ ஒரிஜினலே பரவாயில்லைன்னு என்கிட்ட ஓடி வருவாங்க!" என்று சிரித்தார் நெடுஞ்செழியன்.

"ஹமீதா, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"நல்லாக் கேட்டுக்கிட்டேன்" என்றார் ஹமீதா பானு. சொல்லும்போதே புதுப் போனைக் கையில் எடுத்தார்.

கயல்விழி சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே பாடினாள். ஹமீதா பானு பதிவு செய்தார். நடுவில் குக்கர் ஒரு விசில் அடித்தது. அதையும் சேர்த்து அப்துல் அஜீஸுக்கு அனுப்பினார். அவர் துபாயில் தன் அறைக் கூட்டாளிகளுக்குப் போட்டுக் காட்டினார். அவர்கள் பேராவூரணிக்கும் திருவாரூருக்கும் தங்கள் வீடுகளுக்கு அனுப்பினார்கள். கல்லணைத் தண்ணீர் கடைமடைக்கு வர நாளாகும். இந்தப் பாட்டு அன்று சாயங்காலமே வந்துவிட்டது.

நெடுஞ்செழியனுக்கு ஒன்றும் தெரியாது. புது மைக் வாங்கத் தஞ்சாவூர் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். ஒரத்தநாடு தாண்டியதும் டிரைவர் ஒரு பாட்டுப் போட்டார். 'கடைமடைக்கும் வந்திருச்சு...'

நெடுஞ்செழியன் துள்ளி எழுந்தார். என் பாட்டு! ஆனால் குரல் யாருடையது? நல்ல குரல். வாய்க்காலில் புதுத்தண்ணீர் சலசலத்து ஓடுவது மாதிரி ஒரு குரல். முன்சீட்டு அம்மாள் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'எந்த ஊர்ப் பாடகியோ, பூட்டை உடைத்துவிட்டாள்!' என்று அவர் பல்லைக் கடித்தார்.

அப்போது குக்கர் விசில் அடித்தது. பஸ்ஸில் பாதிப் பேர் சேர்ந்து விசில் அடித்தார்கள்.

நெடுஞ்செழியன் பொத்தென்று உட்கார்ந்தார். மனைவியின் குரலை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் அந்தக் குக்கர்? வாஷர் தேய்ந்துபோய், விசில் முடிகிற இடத்தில் விக்கல் எடுக்கிற குக்கர் இந்த டெல்டாவிலேயே ஒன்றுதான் உண்டு. தினமும் அதன் சோற்றைத்தான் அவர் சாப்பிடுகிறார்.

வீட்டுக்குள் புயல் மாதிரி நுழைந்தார்.

"கயலு! என் பாட்டைத் திருடிட்டியா?"

"எங்க திருடினேன்? உங்க பாட்டு பூட்டினபடியே இருக்கு. போய்ப் பாருங்க."

"ஊரெல்லாம் பாடுதே!"

"அது நான் பாடினது. பாடலாம்னீங்க. வச்சுக்கலாம்னீங்க. நாலு பேருக்குக் குடுக்கலாம்னீங்க. ஹமீதாவைக் கூப்பிடவா?"

"நாலு பேருன்னா நாலு ஜில்லாவா?"

"நீங்க எண்ணிக்கைக்குப் பூட்டுப் போடலையே!"

அதற்குள் கயல்விழியின் போன் அடித்தது. மன்னார்குடிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவாம். அந்தக் கடைமடைப் பாட்டு அக்கா வந்து பாட வேண்டுமாம். "எங்க வீட்லயே மைக் செட்டு இருக்கு. கூட்டிட்டு வர்றேன்" என்றாள். செட்டைச் சொன்னாளா, செட்டுக்காரரைச் சொன்னாளா என்று அவருக்கு விளங்கவில்லை.

நெடுஞ்செழியன் வைராக்கியத்தோடு மாடிக்குப் போனார். ஒரிஜினலைக் கேட்டால்தானே ஜனங்களுக்கு வித்தியாசம் புரியும்? பூட்டைத் திறந்து இலவசமாகவே விட்டுவிடுவது என்று முடிவெடுத்தார். கம்ப்யூட்டரைத் தட்டினார். அது கண்ணைத் திறக்கவில்லை. முந்தின நாள் இடிமழையில் கரண்டு ஏறி இறங்கியதில் உயிரை விட்டிருந்தது.

பழுது பார்ப்பவர் உள்ளே இருந்ததை எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தார். பாட்டு வந்தது. பூட்டும் கூடவே வந்தது. ரகசிய எண்ணை அடித்தார். 'இது வாங்கின கருவி இல்லை. இந்தப் பாட்டைக் கேட்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது திரை.

"நான்தாண்டா எழுதினேன்! நான்தாண்டா பாடினேன்!" என்று கத்தினார். திரை அசையவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டால், அங்கே ஒரு இசை மட்டும் ஓயாமல் பாடிக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் பூட்டே இல்லை.

"சட்டம்னா சட்டம்தாங்க" என்றாள் கயல்விழி, படிக்கட்டில் நின்றபடி.

வேறு வழியில்லை. மறுபடி முதலிலிருந்து பாடிப் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது சரணத்தில் ஒரு வரி மறந்துபோயிருந்தது. ஹமீதா பானு பழைய போனை அதற்குள் விற்றுவிட்டதால், அவர் வீட்டுக்குப் போய் மனைவியின் பாட்டைத்தான் தன் போனில் ஏற்றிக்கொண்டு வந்தார். பூட்டு இல்லாததால் ஒரு நொடியில் ஏறியது. கேட்டுக் கேட்டுப் பாடம் செய்தார். ஒரு இடத்தில் கயல்விழி இழுத்த இழுப்பு தன்னுடையதைவிட நன்றாக இருந்ததால், யாருக்கும் தெரியாமல் அதையும் எடுத்துக்கொண்டார். புது மைக்கில், முழு மீசையோடு, உருகி உருகிப் பாடி முடித்தார்.

பூட்டில்லாமல், தன் பேரைக் கொட்டை எழுத்தில் போட்டு, இணையத்தில் ஏற்றினார். ஊஞ்சலில் சாய்ந்து போனைப் பார்த்தபடி காத்திருந்தார். இனிப் புரியும் ஜனங்களுக்கு.

முதல் கருத்து வந்து விழுந்தது. பேராவூரணிக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்:

"முயற்சிக்கு வாழ்த்துகள் அண்ணே. ஆனா அக்காவோட பாட்டை இப்படிக் காப்பி அடிச்சுக் கெடுக்காதீங்க."

அதற்கு உடனே ஒருவர் கைதட்டும் படம் போட்டு ஆமோதித்திருந்தார். யாரென்று நெடுஞ்செழியன் தொட்டுப் பார்த்தார்.

திருமதி கயல்விழி நெடுஞ்செழியன்.