ஆறு மணிக்குள் எட்டு ஓட்டை

"பத்து நிமிஷம் ஆச்சு ரோசி. எலும்புதான, பாத்தாச்சில்ல, கெளம்பு."

எழும்பூர் மியூசியத்தில் திமிங்கல எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஸ்டானிஸ்லாஸ் கத்தினார். வரிசையாக வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் திமிங்கலத்தை விட்டுவிட்டு அவரை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

ரோசி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "எம்மாம் நீட்டு. காசிமேட்டாண்ட ஒண்ணு கரை ஒதுங்குச்சுன்னு எங்கப்பா சொன்னப்ப வூட்ல ஒருத்தரும் நம்பல."

"உங்கப்பாவ அப்பால நம்பிக்கலாம். இன்னும் ஏழு எடம் கீது. ஆறு மணியோட பாஸு காலி."

அவர் கையில் இருந்தது ஒரு மஞ்சள் அட்டை. 'எட்டு இடம் பாஸ்' என்று ஒரு டிராவல்ஸ்காரன் அச்சடித்து விற்றது. முந்நூறு ரூபாய்க்குப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சென்னையில் எட்டு இடங்களைச் சுற்றிப் பார்க்கலாம். நுழைவுச் சீட்டும் வேன் சவாரியும் அதிலேயே அடக்கம். ஒவ்வொரு இடத்து வாசலிலும் டிராவல்ஸ் ஆள் ஒருவர் நின்று, பார்த்துவிட்டு வந்ததும் அட்டையில் ஒரு கட்டத்தில் ஓட்டை போடுவார். எட்டுக் கட்டம், எட்டு ஓட்டை.

போன வாரம் ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் மேஜை போட்டு விற்றவனிடம் ரோசி இதை வாங்கி வந்தபோது வீட்டில் பெரிய ரகளை நடந்தது.

"முந்நூறு ரூபாயா? அந்தக் காசுக்கு மத்தி வாங்கினா தெருவுக்கே ஆக்கிப் போடலாம். பொறந்ததுலேர்ந்து இந்த ஊர்லதான் கீறோம். நம்ம ஊர நாமளே பாக்குறதுக்கு பாஸா? நான் இன்னா அமெரிக்காக்காரனா?"

"கல்யாணம் ஆயி இருபத்தஞ்சு வருசமா அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்லிக்கினு கீறீங்க. பாரிஸ் கார்னர தாண்டி என்ன எங்கயாவது இட்டுக்கினு போயிருக்கீங்களா?"

இல்லை. அதனால்தான் அவருக்குக் கோபம் இரட்டிப்பாக வந்தது. "சரி சரி, அடுத்த வாரம் பாக்கலாம்."

"பாக்க முடியாது. வர்ற வியாழக்கெழம ஒரு நாளைக்கு மட்டும்தான். சாய்ங்காலம் ஆறு மணியோட முடிஞ்சிடும். போவலன்னா முந்நூறும் தண்டம்."

ஸ்டானிஸ்லாஸ் அடங்கிப்போனார். காரணம் அவருடைய உத்தியோகம். திருவொற்றியூரைத் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் அவர் கேட் கிளார்க். காலையில் உள்ளே போகும் லாரி டிரைவர்களுக்கு ஒருநாள் பாஸ் எழுதிக் கொடுப்பதும், வெளியே வரும்போது அதை மறக்காமல் பிடுங்கிக்கொள்வதும் இருபத்தாறு வருஷமாக அவர் வேலை. ஆறு மணிக்கு ஒரு நிமிஷம் தாண்டினாலும் பாஸ் செத்துப்போச்சு என்பார். கெஞ்சினாலும் கேட்டைத் திறக்க மாட்டார். டிரைவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே 'ஆறு மணி'தான். ஒரு பாஸ் பயன்படாமல் செத்துப்போவதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக லீவு எழுதிக் கொடுத்தார். எழுதிய நிமிஷத்திலிருந்து எரிந்து விழுந்துகொண்டே இருந்தார். ரோசி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு அந்த ஒரு நாள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மியூசியத்தில் முதல் ஓட்டை விழுந்தது. அடுத்த நிமிஷமே முதல் தப்பும் நடந்தது.

கேட்டில் வாட்ச்மேன் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பைகளை ஒப்படைத்தவர்கள் திருப்பித் தரும் டோக்கன்களைப் போட அவர் முன்னால் ஒரு தகரப் பெட்டி. கேட்டையும் வாட்ச்மேனையும் சேர்த்துப் பார்த்ததும் ஸ்டானிஸ்லாஸின் கை தானாக நீண்டது. மஞ்சள் அட்டையைப் பெட்டிக்குள் போட்டார். "டைம் எழுதிக்கோ" என்றும் சொல்லிவிட்டு நடந்தார்.

வெளியே வேன் நின்றது. வேனோடு சுற்றும் ஆள் லியாகத் அலி. கல்மண்டபத்தில் ரோசிக்குப் பாஸ் விற்றவனும் அவன்தான்.

"பாஸ காட்டுங்க நைனா."

"கேட்டுல ஒப்படைச்சிட்டேன்."

"யாரு கேட்டாங்க?"

"கேக்கணுமா? பாஸ குடுக்காம எவனாவது வெளிய வருவானா? ரூல்ஸ் தெரியாத ஆளா கீறியே."

ரோசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிப்பதைப் பார்த்ததும்தான் அவருக்குத் தான் செய்தது புரிந்தது. தன் மேல் வந்த கோபத்தை அவளிடம் காட்டினார். "எல்லாம் உன்னாலதான். காலையிலேர்ந்து எலும்பு எலும்புன்னு பேஜாரு பண்ணிக்கினு."

திரும்பிப் போனால் வாட்ச்மேன் பெட்டியைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வந்து, சாவியைத் தேடி, டோக்கன்களைக் கொட்டி, அட்டையைக் கண்டெடுப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. லியாகத் அலி பாவம், வேனை நிறுத்திவைத்துக் காத்திருந்தான்.

"எதுக்கு நைனா இம்மாம் டென்ஷன்? இந்த பாஸு வந்து..."

"தம்பி, தண்ணி பாட்டில் கீதா? தொண்ட காயுது" என்றாள் ரோசி.

ஸ்டானிஸ்லாஸ் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "பின்னாடி பொடி எழுத்துல இன்னாவோ போட்டுகீது. என் கண்ணாடிய எடு ரோசி."

"ஐயோ, அத வூட்லயே வெச்சிட்டேனே. பிரிட்ஜு மேல."

கண்ணாடிக்காக ஒரு பாட்டம் கத்தினார். பிறகு, போன நேரத்தைப் பிடிக்க அவருக்கு ஒரு யோசனை வந்தது. வேன் வழியெல்லாம் நின்று ஆள் ஏற்றும், ஆட்டோ என்றால் நேராகக் கிண்டிக்குப் போய்விடலாம். ஓசி வேனை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தார். ஆட்டோ ஜெமினி பாலத்தடியில் படுத்துவிட்டது. அவரும் டிரைவருமாகத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த வேன் அவர்களைக் கடந்து போனது. ஜன்னலிலிருந்து லியாகத் அலி கையாட்டினான்.

பாம்புப் பண்ணை வாசலில் ஓட்டை போட நின்றவள் ஷைனி என்கிற சின்னப் பெண். ஸ்டானிஸ்லாஸ் போன வேகத்தில் அட்டையை நீட்டினார்.

"நாங்க உள்ள போவல. ஓட்டைய மட்டும் போடு."

"பாக்காம எதுக்கு சார் ஓட்டை?"

"மழ பேஞ்சா பாம்பு எங்க வூட்டுக்கே வரும். அத நான் நெறைய பாத்துட்டேன். எனக்கு ஓட்டதான் வோணும்."

"ரெண்டு பேரும் உள்ள போயிட்டு வந்தாத்தான் சார் போடுவேன். அதான் ரூல்ஸ்."

அந்த வார்த்தைக்கு எதிராகப் பேச அவருக்கு வாய் வராது. ஓடினார். கண்ணாடிப் பெட்டிகளில் பாம்புகள் தூங்கிக்கொண்டிருக்க, இவர் நான்கே நிமிஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றி மூச்சு வாங்க வாசலுக்கு வந்து நின்றார்.

"அம்மா எங்க சார்?" என்றாள் ஷைனி.

ரோசி முதலைக் குட்டையின் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு முதலை வாயைத் திறந்துவைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எப்போது மூடும் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசை. இவர் தேடிக்கொண்டு ஒரு பக்கம் உள்ளே போக, அவள் இன்னொரு பக்கம் வெளியே வந்தாள். அவள் மறுபடி உள்ளே போனபோது இவர் வெளியே வந்தார். நாலாவது தடவை ஷைனிதான் ரோசியின் கையைப் பிடித்து நிறுத்திவைத்தாள். அதில் போனது அரை மணி.

"மூணு பேரு மூணு மொதலைய பாக்குற நேரம் நீ ஒருத்தி ஒரு மொதலைய பாத்துக்கினு கீற."

"அது வாய மூடவே இல்லங்க. உங்கள மாதிரியே."

பக்கத்திலிருந்த சிறுவர் பூங்காவில் அவளை ஒரு மயிலைக்கூட முழுதாகப் பார்க்க விடவில்லை. மூன்றாவது ஓட்டை. மணி ஒன்று. அடுத்தது கோளரங்கம். "கூரைதான, ஏறிட்டுப் பாத்துட்டு ஒரு நிமிசத்துல வந்துடலாம்" என்று சொல்லித்தான் உள்ளே போனார். கதவைச் சாத்தினார்கள். காட்சி முடியும்வரை திறக்க மாட்டார்களாம், நாற்பது நிமிஷமாம்.

இருட்டில் கொதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் கூரையில் சூரியன் மெல்ல இறங்கியது. வானம் சிவந்து, கறுத்து, முதல் நட்சத்திரம் எட்டிப்பார்த்தது. ஸ்டானிஸ்லாஸ் துள்ளி எழுந்தார்.

"போச்சு. ஆறாயிடுச்சு. நாலு எடம் தண்டம்."

"உக்காருங்க சார், நட்சத்திரம் மறைக்குது" என்று பின்னாலிருந்து ஒருவர் அதட்டினார்.

ரோசி அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். பிடித்த கையை விடவும் இல்லை. இப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாக எப்போது உட்கார்ந்தோம் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. அதற்கும் கோபம் வந்தது. ஆனால் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததற்குப் பெயர் சுற்றுலா இல்லை. வேனில் ஏறு, இறங்கு, ஓடு. கட்டி வந்த புளிச்சோற்றை வேனிலேயே தின்றார்கள். பெசன்ட் நகர் மாதா கோயிலில் ரோசி முழங்கால் போட்டு 'அருள் நிறைந்த மரியே' சொல்ல ஆரம்பித்தாள். "மீதிய வேன்ல சொல்லிக்கோ" என்று பாதி ஜெபத்தில் கிளப்பினார். சாந்தோமில் படியிறங்கும்போது அவள் செருப்பு வார் அறுந்தது. தைக்க நேரமில்லை என்று செருப்பை வாங்கிப் பையில் திணித்தார். மெரினா மணலில் வெறுங்காலோடு நடந்தவள், அலை காலைத் தொட்டதும் குழந்தை மாதிரிச் சிரித்தாள். "ரோசி, காசிமேட்டுலயும் இதே தண்ணிதான்" என்று கரையிலிருந்து கத்தினார்.

ஏழு ஓட்டை.

எட்டாவது இடம் கோட்டை மியூசியம். வேன் போய் நின்றபோது மணி ஐந்தரை தாண்டிவிட்டது. வழக்கம்போல ஐந்துக்கே மூடியிருந்தார்கள். ஓட்டை போடும் டிராவல்ஸ் ஆளும் வீட்டுக்குப் போயிருந்தான்.

வேனில் மற்றவர்கள் எல்லாம் இறங்கிப்போயிருந்தார்கள். கடைசி சீட்டில் ரோசி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். பாதத்தில் மெரினா மணல் ஒட்டியிருந்தது. தூக்கத்திலும் முகத்தில் ஒரு சிரிப்பு.

ஸ்டானிஸ்லாஸ் அட்டையோடு லியாகத் அலியின் முன்னால் போய் நின்றார்.

"உன் மெஷின எடு. எட்டாவது ஓட்டைய போடு."

"கோட்டைய பாக்கலியே நைனா."

"பாரிஸ் கார்னருக்கு வர்றப்பல்லாம் பாக்குற கோட்டதான. நாப்பது வருசமா பாத்தாச்சு. போடு."

"வாணாம், சொன்னா கேளுங்க. அந்த ஒண்ணாவது மிச்சம் இருக்கட்டும்."

"மிச்சம் வெச்சி? பூசை பண்றதுக்கா? ஆறாவப் போவுது. ஒரு நாள் லீவு போட்டு, கத்திக் கத்தி தொண்ட கட்டி, பொண்டாட்டிய செருப்பில்லாம ஓட வெச்சி ஏழு போட்டிருக்கேன். ஒரு கட்டத்த சும்மா சாவ வுட சொல்றியா?"

லியாகத் அலி பதில் சொல்வதற்குள் அவன் இடுப்பில் தொங்கிய ஓட்டை போடும் மெஷினைப் பிடித்து இழுத்தார். எட்டாவது கட்டத்தில் வைத்து அழுத்தினார். கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து ஐம்பத்தெட்டு. காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் கோபம் இல்லை.

"முடிஞ்சிது. ஒரு பைசா வீணாவல" என்றார்.

லியாகத் அலி அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். கடைசி சீட்டில் ரோசி தூங்குகிறாளா என்று எட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"ஆறு மாசம் செல்லுற பாஸு நைனா இது, விக்கும்போதே அக்காவாண்ட சொன்னேன், 'அவராண்ட மட்டும் சொல்லிடாத தம்பி, தெரிஞ்சா ஆறு மாசமும் அடுத்த வாரம் அடுத்த வாரம்னே ஓட்டிடுவாரு'ன்னுட்டாங்க."