இரண்டு ஊர்ச் சூரியோதயம்

இரண்டு கடிகாரங்களும் ஒரே மணியைத்தான் காட்டின. சண்டையே அதனால்தான் வந்தது.

பெண்ணின் தாயார் தாட்சாயணி தன் அலாரம் கடிகாரத்தை நாகலாபுரத்திலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மாப்பிள்ளையின் தகப்பனார் கங்கையா ராமகுப்பத்துக்காரர். அவரிடம் சட்டைப்பைக் கடிகாரம். இரண்டையும் முதல் நாளே திருப்பதி ரயில் நிலையத்துக் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தாயிற்று. அப்படியிருந்தும், விடியற்காலையில் சத்திரத்துக் கூடத்தில் நின்றுகொண்டு, தாலி கட்டும் நேரம் ஏழு பதினெட்டு என்றாள் அவள். ஏழு இருபத்து மூன்று என்றார் அவர்.

முகூர்த்தம் குறித்தவர் சித்தூர் ஜோசியர். இரண்டு வீட்டுக்கும் அவர்தான். சத்திரத்தைப் பிடித்துக் கொடுத்ததும் அவரே. 'சூரியன் உதித்து நாலு நாழிகை முடிகிற நிமிஷம். முந்தினாலும் தோஷம், பிந்தினாலும் தோஷம்' என்று மஞ்சள் தடவிய காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். நாலு நாழிகை என்றால் தொண்ணூற்றாறு நிமிஷம். அதில் யாருக்கும் தகராறு இல்லை. எந்த ஊர்ச் சூரியன் என்பதைத்தான் அவர் எழுதவில்லை.

தாட்சாயணி ஒரு வாரமாகக் களத்துமேட்டில் கடிகாரத்தோடு நின்று சூரியனைப் பிடித்திருந்தாள். ஐந்து நாற்பத்திரண்டு. கங்கையாவும் சளைத்தவரல்ல. தம் கேழ்வரகுக் கொல்லை வரப்பில் நின்று அவரும் பிடித்திருந்தார். ஐந்து நாற்பத்தேழு.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் உங்க ஊர் மெட்ராஸ் ராஜ்ஜியத்துல இருந்துச்சு. இப்போ ஆந்திராவுக்கு வந்துட்டீங்க. அந்த ஊர்ச் சூரியனை இன்னாத்துக்கு இங்க தூக்கிக்கினு வந்தீங்க, சம்பந்தியம்மா?" என்றார் கங்கையா.

"ராஜ்ஜியந்தான் மாறிச்சு, சம்பந்தி. கிழக்கு மாறல" என்றாள் தாட்சாயணி.

அவளுக்கு விட்டுக்கொடுக்க முடியாத காரணம் இருந்தது. அவள் கல்யாணத்தன்று வண்டி அச்சு முறிந்து, தாலி கால் மணி நேரம் பிந்தி ஏறியது. அன்று முதல் புகுந்த வீட்டில் எருமைக்குப் பால் வற்றினாலும், ஊறுகாயில் பூஞ்சை பிடித்தாலும், பக்கத்து வீட்டுக் கூரை பறந்தாலும்கூட, 'நேரம் தப்பின கல்யாணம், வேற எப்படி இருக்கும்' என்பார்கள். இருபத்திரண்டு வருஷம் கேட்டாயிற்று. மகள் சுலோசனா காதில் அந்தப் பேச்சு விழக்கூடாது. அதற்குத் திருப்பதி மலையை நகர்த்த வேண்டுமென்றால், தாட்சாயணி கட்டி இழுக்கக் கயிறு தேடப் போய்விடுவாள்.

சமாதானம் செய்ய அவள் தம்பி சிவசங்கரன் வந்தான். புத்தூரில் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு தேங்காயை எடுத்துக் குங்குமத்தால் இரண்டு பொட்டு வைத்தான். ஒன்று நாகலாபுரம், ஒன்று ராமகுப்பம். குத்துவிளக்குக்கு முன்னால் தேங்காயை மெதுவாகச் சுற்றினான். பூமி இப்படித்தான் மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது, கிழக்கே இருக்கிற நாகலாபுரம் வெளிச்சத்துக்கு முதலில் வருகிறது, ராமகுப்பம் ஐந்து நிமிஷம் கழித்து வருகிறது, ஆகவே இரண்டு பேர் சொல்வதும் சரி என்று விளக்கினான்.

வாத்தியார் செய்த தப்பு அதுதான். அதுவரை ஆளுக்குப் பாதிச் சந்தேகமாவது இருந்தது. இப்போது இரண்டு பேருக்கும் சாஸ்திரத்தோடு விஞ்ஞானமும் துணைக்கு வந்துவிட்டது.

"கட்டறவன் எங்க ஊரு" என்றார் கங்கையா.

"கட்டிக்கினு காலம் தள்ளப் போறவ எங்க ஊரு" என்றாள் தாட்சாயணி.

அந்த நேரம் பார்த்துச் சத்திரத்துக் காவல்காரன் முனிகிருஷ்ணன் சாவிக்கொத்தோடு எட்டிப் பார்த்து, "ஆயிந்தா? முடிஞ்சிருச்சா?" என்று கேட்டான். ஆரம்பிக்கவே இல்லை என்று விரட்டினார்கள்.

கல்யாணம் நடப்பது திருப்பதியில்தானே, திருப்பதிச் சூரியனையே பார்த்துவிடலாம் என்றான் சிவசங்கரன். சத்திரத்தின் கிழக்கே உயரமான மதில். அதனால் தாட்சாயணியின் கணவர் செங்கல்வராயனை மலைப்படிக்கு அனுப்பினார்கள். சத்திரத்து வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம்தான். சூரியன் தலை காட்டியதும் அவர் துண்டை வீச வேண்டும். செங்கல்வராயன் யார் எது சொன்னாலும் சரி என்கிற மனுஷன். சரி என்று போனார்.

ஐந்து நாற்பதுக்கே துண்டு ஆடியது.

"நாகலாபுரத்துக்கே இன்னும் வரல, அதுக்குள்ள இங்க எப்படி?" என்று தாட்சாயணியே திகைத்தாள். உயரத்தில் நிற்பவருக்குச் சூரியன் கொஞ்சம் முன்னதாகத் தெரியும் என்று சிவசங்கரன் மெல்லிய குரலில் ஒப்புக்கொண்டான். கங்கையா முற்றத்தில் பிடிவாதமாக நின்றார். மதிலுக்கு மேலே சூரியன் வந்தபோது ஆறு மணி இரண்டு நிமிஷம். "எனக்கு இப்பத்தான் வந்தான்" என்றார். ஆக, நாலு சூரியோதயம் ஆகிவிட்டது.

பேசாமல் ரயில் மணிப்படி ஒரு நேரம் வைத்துக்கொள்ளலாமே என்றார் ஐயர். ரயில் மணி தேசம் முழுக்க ஒன்றுதான், ஆனால் சூரியன் ரயில்வேயில் உத்தியோகம் பார்க்கவில்லை என்று இரண்டு சம்பந்திகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்று காலையில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

ஆறே கால் ஆகியும் பெண்ணின் தகப்பனார் திரும்பவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு மொட்டைத் தலைக்காரர் தகவல் சொன்னார்.

"துண்டு ஆட்டினாரே, அவரா? படியில கால் வெச்சுட்டு சாமியைப் பாக்காம இறங்கக் கூடாதுன்னு எங்க ஆளுங்க சொன்னாங்க. சரின்னாரு. படிக்குப் படி நின்னு கோவிந்தா போட்டுக்கினு ஏறிக்கினே இருக்காரு."

தாட்சாயணி பட்டுப்புடவையை இழுத்துச் செருகினாள். கடிகாரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியேறினாள். இருநூற்றுச் சொச்சம் படியில் கணவரைப் பிடித்தாள். அவர் சாமி குத்தமாகிவிடுமே என்று இழுத்தார்.

"சாமி நாளைக்கும் இங்கதான் இருப்பாரு. ஏழு பதினெட்டு இருக்காது. இறங்கு."

இறங்கினார்.

சத்திரத்துக்கு வந்தபோது மணி ஏழு. இன்னொரு புதுச் சங்கதி காத்திருந்தது. பெண் வீட்டார் ஏமாற்றி முன்கூட்டியே தாலி கட்டவைத்துவிடுவார்கள் என்று பயந்து, கங்கையா தம் மகன் வெங்கடரமணனை ஓர் அறையில் உட்காரவைத்துக் கதவில் சாய்ந்துகொண்டிருந்தார். ஏழு இருபத்து மூன்றுக்குத்தான் கதவு திறக்கும் என்றார். வாசலில் வேறொரு கல்யாணக் கூட்டம் மேளத்தோடு வந்து உட்கார்ந்திருந்தது. முனிகிருஷ்ணன் மறுபடியும் வந்து, "ஆயிந்தா?" என்றான்.

மணவறையில் சுலோசனா மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் கண் கலங்கியிருந்ததைத் தாட்சாயணி பார்த்தாள். தட்டில் இருந்த மஞ்சள் கயிற்றையும் பார்த்தாள். பார்த்தபடியே ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு நேராகக் கங்கையாவிடம் போனாள்.

"சம்பந்தி, தாலிக்கு எத்தினி முடிச்சு?"

"மூணு."

"முதல் முடிச்சு எங்க ஊர்ச் சூரியனுக்கு. ரெண்டாவது இந்த ஊருக்கு. மூணாவது உங்களுக்கு. மூணாவது விழாம கல்யாணம் முடிஞ்சதாச் சொல்லமாட்டாங்க. நீங்களே ஜெயிச்சதா வெச்சுக்குங்க."

கங்கையா வெகுநேரம் யோசித்தார். அதாவது நாலு நிமிஷம். கதவை விட்டு நகர்ந்தார்.

திருப்பதிக்கு ஏழு இருபது என்று சிவசங்கரன் தேங்காயை வைத்துக் கணக்குப் போட்டுச் சொன்னான். ஏழு பதினெட்டுக்குத் தாட்சாயணி கை காட்ட, கெட்டிமேளம் முழங்க, முதல் முடிச்சு விழுந்தது. பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள். குனிந்த மாப்பிள்ளை குனிந்தபடியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். "முதுகு புடிச்சுக்கிச்சு நைனா" என்றான். "அசையாதடா" என்றார் கங்கையா. சுலோசனாவுக்குச் சிரிப்பு வந்து, அதை அடக்கி, தோள் குலுங்கியது. ஏழு இருபதுக்கு இரண்டாவது விழுந்தது. கெட்டிமேளத்தை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டதால் நாயனக்காரருக்குக் கண் இரண்டும் நுங்கு போல வெளியே வந்துவிட்டது. அட்சதை முதல் முடிச்சுக்கே தீர்ந்துபோக, மூன்றாவதுக்குச் சமையற்கட்டிலிருந்து பச்சரிசி வந்தது. ஏழு இருபத்து மூன்றுக்குக் கங்கையா கை காட்டினார்.

ஒரு நிமிஷம் முந்தவில்லை. ஒரு நிமிஷம் பிந்தவில்லை. மூன்று ஊர்ச் சூரியனும் சாட்சி. இனி எந்த எருமைக்குப் பால் வற்றினாலும் சுலோசனாவை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. தாட்சாயணி கடிகாரத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சுவரில் நிம்மதியாகச் சாய்ந்தாள்.

முனிகிருஷ்ணன் துடைப்பத்தோடு வந்தான். அவனுக்கு ஒரு லட்டு கொடுத்தாள். எத்தனை ஆயிரம் கிரகக் கணக்குப் போட்டால் இப்படி ஒரு நிமிஷத்தைக் கண்டுபிடிக்க முடியும், அந்தச் சித்தூர் ஜோசியர் சாதாரண ஆளில்லை என்று அவனிடம் மனம் விட்டுச் சொன்னாள்.

"ஆமாம்மா, நல்ல மனுஷன்" என்றான் முனிகிருஷ்ணன், லட்டைப் பாதி கடித்தபடி. "எப்பவும் எங்கிட்ட ஆள் விட்டுக் கேட்டுத்தான் எழுதுவாரு. இன்னிக்கு எட்டு மணிக்கு கூடூர்க் கல்யாணக்காரங்க வராங்க, அதுக்கு முன்னாடி ஏழு, ஏழரைக்குத்தான் கூடம் காலின்னு நான்தான் சொல்லி அனுப்புனேன்."